நவீன வரலாற்றுத் தேர்வில் வினாவின் மொழி

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களின் நவீன வரலாற்று அறிவையும் திறனையும் மதிப்பிடுவது கல்வியியலார்க்கே உரிய பொருள் என்று பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. எனினும் எழுத்துத் தேர்வு அடிப்படையில் ஒரு மொழிச் செயலாகும். வினா ஒரு வாக்கியம். விடை ஒரு தொடருரை. விடைக்குறிப்பு அவ்விரண்டுக்கும் இடையே நின்று தீர்ப்பளிக்கும் மற்றோர் உரை. இம்மூன்றின் இலக்கணத்தையும் நோக்காது தேர்வைச் சீர்திருத்த முனைந்த முயற்சிகள் இந்தியாவில் பல. இந்திய நவீன வரலாறு சார்ந்த சில வினாக்களை முன்வைத்து, இத்தேர்வு உண்மையில் எதை அளக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

'ஏன்' என்னும் சொல்

'1905இல் வங்காளம் ஏன் பிரிக்கப்பட்டது?' என்பது பள்ளி வினாத்தாள்களுக்கு நன்கு பழகிய வினா. இவ்வினாவிற்கு மூவகை விடைகள் எழுதப்படக்கூடும். 'நிர்வாக வசதிக்காக' என்பது ஒன்று. 'வங்காளத்தில் தேசிய உணர்வு வலுப்பெற்றதால்' என்பது மற்றொன்று. 'அவ்வுணர்வைக் குலைப்பதற்காக' என்பது மூன்றாவது. முதலும் மூன்றும் நோக்கம் உணர்த்தும் உருபு பெற்றவை. இரண்டாவது காரணம் உணர்த்தும் உருபு பெற்றது. 'ஏன்' என்னும் வினாச்சொல் இரண்டையும் ஒருங்கே ஏற்கும். தமிழில் 'எதனால்', 'எதற்காக' எனப் பிரித்துக் கேட்க வழியுண்டு. இந்தியிலும் 'க்யோன்' என்னும் பொது வினாச்சொல்லோடு 'கிஸ்லியே' என்னும் நோக்க வினாச்சொல் உண்டு. ஆயினும் வினாத்தாள் மொழி இவ்வேறுபாட்டைப் பயன்கொள்வது அரிது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. அன்றைய வங்க மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.8 கோடி. இத்துணைப் பெரிய மாகாணத்தை ஒரே துணைநிலை ஆளுநர் ஆள்வது இயலாது என்பது கர்சன் அரசு வெளிப்படையாகக் கூறியது. ஆனால் உள்துறைச் செயலராக இருந்த ரிஸ்லி 1904இல் எழுதிய அலுவல் குறிப்புகள், ஒன்றுபட்ட வங்காளம் ஓர் ஆற்றல் என்பதையும் பிரிவினை அவ்வாற்றலைப் பல திசைகளில் இழுத்து வலுவிழக்கச் செய்யும் என்பதையும் ஒளிவின்றிப் பேசுகின்றன. அரசு பொதுமக்களுக்குச் சொன்னதும், அரசின் அலுவலர் தமக்குள் எழுதிக்கொண்டதும், 1905 அக்டோபர் 16 அன்று கல்கத்தாவில் ஒருவர் கையில் ஒருவர் காப்புக் கயிறு கட்டிய மக்கள் புரிந்துகொண்டதும் வெவ்வேறானவை. இவற்றைப் பிரித்தறிதலே வரலாற்றுத் திறன்.

அத்திறன் விடையில் வெளிப்படும் இடம் பெரும்பாலும் ஒரு சிறு இடைச்சொல்லே. 'நிர்வாக வசதிக்காகப் பிரிக்கப்பட்டது' என்று எழுதும் மாணவர் ஒரு கூற்றை உண்மையாக ஏற்கிறார். 'நிர்வாக வசதிக்காக என்று அரசு கூறியது' என்று எழுதும் மாணவர் அக்கூற்றுக்கு உரியவர் யார் என்பதைக் காட்டுகிறார். 'என்று' என்னும் இச்சொல்லுக்குப் பொதுவாக விடைக்குறிப்பில் மதிப்பெண் இல்லை. 'நிர்வாக வசதி' என்னும் தொடர் இருக்கிறதா என்று பார்க்கும் திருத்துநருக்கு இரு விடைகளும் ஒன்றே.

வினாவின் பயனிலையும் கருதத்தக்கது. 'பிரிக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டு வினை எழுவாயை மறைக்கிறது. பேச்சுத் தமிழில் அருகியே வழங்கும் இவ்வடிவம் ஆங்கில மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பாடநூல்கள் வாயிலாக மாணவர் எழுத்தில் வேரூன்றிவிட்டது. சட்டங்கள் இயற்றப்பட்டன, கலகங்கள் அடக்கப்பட்டன, வரிகள் விதிக்கப்பட்டன. யாரால் என்று கேட்டால் விடை தடுமாறுகிறது. நவீன வரலாறு என்பது பெரும்பகுதி 'யாரால்' என்னும் வினாவே எனில் மிகையாகாது.

தேர்வு வந்த வழி

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, பள்ளிக் கல்வியின் தரத்தை அளக்கும் கோலாகப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வே அமைந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் வரலாறு, புவியியல், கணிதம் ஆகியவற்றிற்கு வட்டார மொழிகளில் விடையெழுத இடமளித்தது. 1861-62இல் அந்த இசைவு நீக்கப்பட்டு, வேறு குறிப்பில்லாத இடங்களில் எல்லாம் ஆங்கிலத்திலேயே விடையளிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஓர் ஒழுங்குமுறை விதியின் இத்திருத்தம் இந்திய வரலாற்றுத் தேர்வின் இயல்பையே மாற்றியது எனலாம். தான் வாழும் நாட்டின் செய்தியைத் தனக்கு முழுதும் வயப்படாத மொழியில் எழுதவேண்டிய மாணவருக்கு, பாடநூலின் வாக்கியத்தை அப்படியே மனத்தில் இருத்துவது சோம்பலன்று. அதுவே பாதுகாப்பான வழி. மனப்பாடத்தை இந்திய மாணவரின் பிறவிக் குணமாகப் பழித்த குடியேற்றக் கால எழுத்துகள், அதை வளர்த்த விதியைப் பேசுவதில்லை.

1902ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகக் குழு, தேர்வுக்குக் கற்பித்தல் அடிமைப்பட்டிருப்பதே பெருங்கேடு என்றது. 1948-49இல் இராதாகிருஷ்ணன் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டுமே பரிந்துரைக்க இயலுமெனில் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்றது. 1952-53இல் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, புறத் தேர்வுகளைக் குறைக்கவும் கட்டுரை வினாக்களோடு புறவய வினாக்களைச் சேர்க்கவும் பரிந்துரைத்தது. வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவை 'சமூகப் பாடம்' என்னும் ஒரே தொகுதிக்குள் வந்ததும் இக்குழுவின் பரிந்துரை வழியேதான்.

அடுத்த திருப்பம் அமெரிக்கக் கல்வியியலார் பெஞ்சமின் புளூம் வருகையால் நேர்ந்தது. கல்வி நோக்கங்களைப் படிநிலைப்படுத்திய அவரது நூல் 1956இல் வெளிவந்தது. அவர் இந்தியா வந்து வழிகாட்டியதைத் தொடர்ந்து 1958இல் மையத் தேர்வுப் பிரிவு அமைந்தது. 1961இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தோடு அப்பணி இணைந்தது. புளூமின் ஆறு படிநிலைகள் இந்திய வினாத்தாள் திட்டங்களில் அறிவு, புரிதல், பயன்படுத்தல், திறன் என நான்காகச் சுருங்கின. இதில் 'திறன்' என்பது வரலாற்றுக்கு நடைமுறையில் நிலப்படம் குறித்தலாகவும் காலக்கோடு வரைதலாகவும் முடிந்தது ஒரு விந்தை. சம்பாரணை நிலப்படத்தில் சரியான இடத்தில் புள்ளியிட்டுக் காட்டும் மாணவர் 'திறன்' உடையவராகிறார். அவுரி பயிரிட்ட உழவரின் குறை 1917இல் காந்தியடிகளை அங்கே கொண்டுவந்தது எவ்வாறு என்பது அப்புள்ளிக்குள் அடங்காது.

ஏவல் வினைகளின் ஏற்றத்தாழ்வு

புளூம் முறை வினாத்தாள் அமைப்போருக்கு வழங்கிய கருவி வினைச்சொற் பட்டியல். 'குறிப்பிடுக', 'பட்டியலிடுக' என்பன தாழ்ந்த படி. 'விளக்குக', 'ஒப்பிடுக' என்பன நடுப்படி. 'ஆராய்க', 'மதிப்பிடுக' என்பன உயர்ந்த படி. இப்பட்டியலை நம்பி அமைந்த வினாத்தாள்களில் ஏவல் வினைகள் உயர்ந்தன, வினாக்கள் உயரவில்லை. 'தண்டி யாத்திரையின் முக்கியத்துவத்தை மதிப்பிடுக' என்னும் வினாவை நோக்கலாம். பாடநூலில் 'முக்கியத்துவம்' என்ற துணைத்தலைப்பின் கீழ் ஐந்து கூறுகள் எண்ணிட்டுத் தரப்பட்டிருப்பின், 'மதிப்பிடுக' என்பதன் பொருள் 'நினைவுகூர்க' என்பதே. மாறாக, 'சபர்மதியிலிருந்து 78 பேருடன் புறப்பட்ட யாத்திரை தண்டியை அடைய இருபத்து நான்கு நாள் எடுத்துக்கொண்டது. விரைந்து செல்லாமை இயக்கத்துக்கு எவ்வாறு உதவியிருக்கும்?' என்னும் வினாவில் உயர்படி வினைச்சொல் ஏதுமில்லை. ஆயினும் ஊர் ஊராகக் கூடிய கூட்டத்தையும் நாளிதழ்ச் செய்திகளையும் வேலையை விட்ட கிராம அலுவலர்களையும் இணைத்து எண்ணாமல் இதற்கு விடையெழுத இயலாது. வினாவின் தரம் அதன் வினைச்சொல்லில் இல்லை. வினாவுக்கும் மாணவர் கையிலுள்ள பாடநூலுக்கும் உள்ள தொலைவில் இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் எக்லவ்யா அமைப்பு 1986 முதல் சில அரசு நடுநிலைப்பள்ளிகளில் நடத்திய சமூக அறிவியல் திட்டம் இத்தொலைவை நேரடியாகவே எதிர்கொண்டது. அங்கே மாணவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வெழுதினர். நூல் திறந்திருக்கும்போது நினைவு வினா தானே பொருளிழக்கிறது. ஆசிரியர் வேறு வகை வினாவைத் தேடியாக வேண்டும். கீழ்வகுப்புகளுக்குரிய முயற்சியாயினும் பொதுத் தேர்வு அமைப்போர் கற்றுக்கொள்ள அதில் நிறையவே இருந்தது. 2002இல் அரசு அத்திட்டத்தை முடித்தது.

புள்ளிக்கு ஒரு மதிப்பெண்

வினாவை விடவும் விடைக்குறிப்பே மதிப்பீட்டின் உண்மையான வடிவத்தைக் காட்டும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஐந்து கருத்துகள், கருத்துக்கு ஒரு மதிப்பெண் என்பது பொது நடைமுறை. 1857ஆம் ஆண்டு எழுச்சியின் காரணங்களைக் கேட்கும் வினாவுக்கு இரு மாணவர் விடையெழுதுவதாகக் கொள்வோம். முதல் மாணவர், வாரிசு இழப்புக் கொள்கை, கடும் நிலவரி, 1829இன் சதித் தடையும் 1856இன் கைம்பெண் மறுமணச் சட்டமும், கடல் கடந்து பணியாற்றச் சிப்பாய்களைக் கட்டாயப்படுத்திய 1856ஆம் ஆண்டுச் சட்டம், கொழுப்பு தடவிய தோட்டா என ஐந்தையும் எண்ணிட்டு எழுதுகிறார். ஐந்துக்கு ஐந்து.

இரண்டாம் மாணவரின் விடை பின்வருமாறு அமைகிறது: 'வங்கப் படையின் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் அவத் பகுதிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 1856இல் கம்பெனி அவத்தைத் தன் ஆட்சியோடு இணைத்தது. ஆகவே கிராமத்து நிலவரிக் குறையும் முகாமின் மனக்குறையும் ஒரே குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தன. தோட்டா பற்றிய செய்தி அவ்வளவு விரைவாகப் பற்றிக்கொண்டது அதனாலேயே. எனினும் சென்னைப் படையும் பம்பாய்ப் படையும் பெரும்பாலும் எழவில்லை. எனவே தோட்டா மட்டுமே காரணமாக இருந்திருக்க இயலாது.' இவ்விடையில் எண்ணத்தக்க கருத்துகள் மூன்று. மூன்று மதிப்பெண் கிடைக்கலாம்.

இரண்டாம் விடையின் வலிமை 'ஆகவே', 'அதனாலேயே', 'எனினும்', 'எனவே' ஆகிய நான்கு இணைப்புச் சொற்களில் இருக்கிறது. முதல் விடையில் ஓர் இணைப்புச் சொல்லும் இல்லை. அதன் ஐந்து வரிகளை எம்முறையில் மாற்றி அடுக்கினும் பொருள் மாறாது. உரைக்கோவை ஆய்வாளர் நோக்கில் அது உரையே அன்று, பட்டியல். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விடைக்குறிப்புகளில் 'பொருத்தமான பிற கருத்து' எதையும் ஏற்கலாம் என்னும் குறிப்பு காணப்படுவது பாராட்டத்தக்கதே. ஆனால் அக்குறிப்பு மற்றொரு கருத்துக்கு இடமளிக்கிறது. கருத்துகளுக்கு இடையிலுள்ள உறவுக்கு இடமளிக்கவில்லை.

இம்முறையைப் பழிப்பது எளிது; அது ஏன் தோன்றியது என்பதையும் கருதவேண்டும். டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்ட்டாக், பின்னர் இங்கிலாந்தில் ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்குள்ளாக்கி 1935இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று பள்ளி இறுதி வரலாற்றுத் தேர்வு பற்றியது. ஒரே மதிப்பெண் பெற்றிருந்த பதினைந்து விடைத்தாள்கள் தேர்வாளர்களிடம் தரப்பட்டன. அவர்களுள் பதினால்வர் ஓராண்டுக்கு மேல் சென்றபின் அதே தாள்களை மீண்டும் திருத்தினர். 210 தீர்ப்புகளில் 92இல், அதே தேர்வாளர் அதே தாளுக்குத் தேர்ச்சி, தோல்வி, சிறப்புத் தேர்ச்சி என்னும் வகையை மாற்றிவிட்டார். இவ்வளவு ஆட்டம் காணும் திருத்தத்தின்மேல் இலட்சக்கணக்கான மாணவரின் எதிர்காலத்தை வைக்க எந்த வாரியமும் அஞ்சும். புள்ளிக்கு ஒரு மதிப்பெண் என்பது அவ்வச்சத்தின் விளைவு. நேர்மைக்காகச் சிந்தனையை விலையாகக் கொடுத்த ஏற்பாடு அது.

பெயரும் சான்றும்

1857 பற்றிய வினாவில் மற்றொரு சிக்கல் பெயரீடு. 'சிப்பாய்க் கலகம்', 'பெரும் புரட்சி', 'முதல் இந்திய விடுதலைப் போர்' என்னும் மூன்றும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டினும் ஒரே பொருளன அல்ல. ஆங்கிலேயரின் பெயரீட்டை மறுத்து அதனை விடுதலைப் போர் என நிறுவும் சாவர்க்கரின் நூல் 1909இல் வெளிவந்தது. நூற்றாண்டு நிறைவையொட்டி 1957இல் ஆர்.சி. மஜும்தாரும், அரசின் வேண்டுகோளின்படி எஸ்.என். சென்னும் எழுதிய நூல்கள் நிகழ்ச்சியின் இயல்பு பற்றி உடன்படவில்லை. 'முதல்' என்னும் அடையும் அமைதியாக இல்லை: 1806இல் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களுக்கு அவ்வடை உரியது என்பார் தமிழ்நாட்டில் உளர், 1817ஆம் ஆண்டின் பைக்கா எழுச்சிக்கு அது வேண்டும் என்பது ஒடிசாவின் கோரிக்கை. 'முதல் இந்திய விடுதலைப் போர் நிகழ்ந்த ஆண்டு எது?' என்னும் ஒரு மதிப்பெண் வினா இவ்விவாதம் முழுவதையும் தன் எழுவாயிலேயே முடித்துவிடுகிறது. மாணவர் எழுதுவது நான்கு இலக்கங்கள். ஏற்றுக்கொள்வது ஒரு முன்கருத்து.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவுக்குப் பின் வந்த பாடநூல்கள் இவ்வகையில் பெரும் மாற்றம் கண்டன. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் மூலச்சான்றுகள் பாடத்தின் உடலிலேயே இடம்பெற்றன; தேர்விலும் சான்றுப்பகுதி வினாக்கள் நிலைபெற்றன. 1857 ஆகஸ்டு 25ஆம் நாளிட்ட ஆசம்கர் பிரகடனம் அத்தகைய சான்றுகளுள் ஒன்று. ஜமீன்தார்கள், வணிகர்கள், அரசுப் பணியாளர்கள், கைவினைஞர்கள், பண்டிதர் பக்கீர் முதலிய கற்றோர் என ஐந்து பிரிவினரின் குறைகளை அது அடுக்குகிறது. 'ஜமீன்தார்களின் குறைகள் யாவை?' என்று கேட்டால் மாணவர் அவ்வரியைத் தேடி எடுத்து எழுதுவார். 1857 பற்றி ஒன்றும் அறியாதவரும் இவ்வினாவுக்கு முழு மதிப்பெண் பெறலாம். இது மொழிப்பாடத்தின் உரைப்பகுதி வினாவே. 'உழவருக்கெனத் தனிப்பிரிவு இப்பிரகடனத்தில் இல்லாமை எதை உணர்த்துகிறது?' என்று கேட்டால் நிலை மாறுகிறது. பகுதியில் இல்லாத ஒன்றைக் காணப் பகுதிக்கு வெளியேயுள்ள அறிவு வேண்டும். அப்பிரகடனம் ஆங்கிலப் பெயர்ப்பில் அச்சேறி, அதிலிருந்து மீண்டும் இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டு மாணவர் கைக்கு வருகிறது என்பதும் ஒரு நல்ல வினாவாகும். அதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கூற்றும் காரணமும்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் திறனடிப்படையிலான வினாக்களின் பங்கு உயர்த்தப்பட்டு வருகிறது. அவற்றுள் பரவலானது 'கூற்று – காரணம்' என்னும் வகை. இரு வாக்கியங்கள் தரப்படும். இரண்டும் சரியா, இரண்டாவது முதலாவதன் சரியான விளக்கமா என மாணவர் தேரவேண்டும். மேலே குறிப்பிட்ட இணைப்புச் சொல்லை, 'ஏனெனில்' என்னும் உறவை, நேரடியாக வினாவாக்கும் வகை இது. அவ்வளவில் இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் 'சரியான விளக்கம்' ஒன்றே என்பது இதன் உள்ளுறை.

இவ்வகையில் எளிதாக அமைக்கத்தக்க ஒரு வினாவைக் காணலாம். கூற்று: 1922 பிப்ரவரியில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். காரணம்: சௌரி சௌராவில் மக்கள் காவல் நிலையத்துக்குத் தீயிட்டதில் காவலர் பலர் இறந்தனர். விடைக்குறிப்பு, இரண்டும் சரி, காரணம் கூற்றின் சரியான விளக்கமே எனக் கொள்ளும். ஜவாகர்லால் நேரு தம் சுயசரிதையில், சௌரி சௌரா மட்டுமே இம்முடிவுக்குக் காரணமன்று என்றும், வெளித்தோற்றத்தில் வலுவாக இருந்த இயக்கம் உள்ளே கட்டுக்கோப்பு இழந்துகொண்டிருந்தது என்றும் எழுதுகிறார். பிப்ரவரி 12ஆம் நாளின் பர்தோலித் தீர்மானம், உழவர் ஜமீன்தார்களுக்கு உரிய குத்தகையை நிறுத்தலாகாது என்றும் பேசியதைச் சுட்டி, வேறொரு காரணத்தை முன்வைத்தார் ரஜனி பாமி தத். பாடநூலைக் கடந்து இவ்விரண்டையும் படித்திருக்கும் மாணவர் ஒருவர், இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றின் முழு விளக்கமன்று என எண்ணி அடுத்த விருப்பத்தைத் தேரக்கூடும். தாளில் அவர் எழுதுவது ஓர் எழுத்து மட்டுமே. எண்ணியது ஏன் என்று கூற அங்கு இடமில்லை. அவ்வினாவுக்கு அவர் பெறுவது சுழியம்.